சேர்ந்து வாசித்தவர்கள்

நாலாவது பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதலில் கிழிபட்டது சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணை. கிழித்தவள் அதை எழுதியவளேதான். ஆபரேஷன் தையல் இழுக்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"இனி இது வேலைக்கு ஆகாது" என்றாள்.

அவள் புருஷன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். தெருவில் அவனுக்கு ரொட்டிக்காரன் என்றுதான் பெயர். விடிந்து வீட்டுக்கு வரும்போது புருவத்தில் மாவு இருக்கும். குளித்துவிட்டுப் படுத்தால் மதியம் வரை பிணம். அதனால் அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் ஆரம்பத்திலிருந்தே சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் நடந்தது.

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க வேண்டும் என்று அவர்கள் யாரும் கனவு கண்டதில்லை. பெரியவளுக்குத் திக்குவாய். ஸ்கூலில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் வாயைத் திறந்தால் வகுப்பே சேர்ந்து திக்கும். டீச்சரும் சிரித்தாளாம். ஒருநாள் பாத்ரூம் போகணும் என்று கேட்க வாய் வராமல் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள். ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தவளை மறுநாள் அம்மா அனுப்பவில்லை. அதற்கடுத்த நாளும் அனுப்பவில்லை. அப்புறம் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்த்து, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம் ஓடும்.

பெரியவளிடம் ஒரு விசேஷத்தை அவள் அம்மா கண்டுபிடித்திருந்தாள். கூட ஒருத்தர் சேர்ந்து வாசித்தால் அவளுக்குத் திக்காது. தண்ணீர் மாதிரி ஓடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாப் பாடமும் சேர்ந்து வாசிப்பதுதான். வரலாறு, விஞ்ஞானம், கணக்கில் வருகிற தொட்டித் தண்ணீர்க் கதை வரைக்கும். தம்பிக்காரன் நாலு வயதிலேயே அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவளோடு சேர்ந்து சத்தம் போட ஆரம்பித்தான். எதைக் காதில் வாங்கினாலும் அப்படியே திருப்பிச் சொல்வான். விளம்பரம், பஸ் கண்டக்டர் குரல், கீழ்வீட்டுத் தையல்கார அக்கா போனில் போடுகிற சண்டை. ரேடியோ என்று அவனுக்குப் பெயர் வைத்ததே அப்பன்தான். வைத்ததில் அவனுக்குப் பெருமை வேறு.

"மேல நடக்கறது ஸ்கூலா, ஊர்வலமா?" என்று தையல்கார அக்கா ரொட்டிக்காரனைப் படியில் நிறுத்திக் கேட்பாள். "கோஷம் போடற மாதிரியே கேக்குதே தம்பி. நான் ரவிக்கைக்கு அளவு எடுத்தா உன் பொண்ணு நதிகளைச் சொல்றா. ஒருத்தி முதுகுல ஆறு ஓடற மாதிரி வெட்டிட்டேன்."

இப்போது அந்தக் கோஷத்துக்குத்தான் முடிவு வந்தது. புதுசு ராத்திரி முழுக்க விழித்திருந்தது, பகலில் தூங்கியது. அப்பனைப் போலவே நைட் ஷிப்ட். ஒரு வரி சத்தமாக வாசித்தால் எழுந்து வீட்டைத் தலைகீழாக்கியது. தாய்க்கோ உட்கார முடியவில்லை. பாலும் போதவில்லை, டின் பால்தான். அவள் படுத்தபடியே புது அட்டவணை போட்டாள். பெரியவள் இனி ஜன்னலோரம் தனியாக, வாய்க்குள் வாசிக்க வேண்டும். மூன்றாவது வாண்டுக்குக் களிமண்ணும் கலர் பென்சிலும். ரேடியோ மதியத்துக்கு மேல் அப்பாவிடம்.

"என்கிட்டயா?" என்றான் ரொட்டிக்காரன். "நான் எங்க, படிப்பு எங்க?"

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் அவனும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தவர்கள். அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் தேடவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாங்க. கூட உக்காருங்க, போதும். அவன் தங்கம். புக்கைக் கையில குடுத்தா அருவி மாதிரி படிப்பான்."

அருவி மாதிரிதான் படித்தான். முதல் நாள் மதியம், தூக்கம் கலையாத கண்ணோடு ரொட்டிக்காரன் மேஜையில் உட்கார்ந்தான். பையன் புத்தகத்தைப் பிரித்து, தேனீக்கள் பாடத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். அப்பனுக்குச் சுகமாக இருந்தது. கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடினான். ராணித் தேனீ வந்தது, வேலைக்காரத் தேனீ வந்தது, மெழுகு வந்தது. மெழுகு வந்தபோது ஏதோ உறுத்திக் கண்ணைத் திறந்தான். திறந்திருந்த பக்கத்தில் மெழுகு இல்லை. அது அடுத்த பக்கத்தில். பையன் பக்கத்தைத் திருப்பவே இல்லை. திருப்பாமலேயே அடுத்த பக்கத்தையும் வாசித்து முடித்துவிட்டு, அதற்கடுத்ததில் கால் வைத்திருந்தான்.

ரொட்டிக்காரன் எழுந்துபோய் அடுப்பு மேடையிலிருந்து பால் டின்னை எடுத்துவந்து முன்னால் வைத்தான்.

"இதுல என்னடா போட்டிருக்கு?"

"பால் பவுடர்."

"அது பொம்மையைப் பாத்தாலே தெரியும். இந்தா, இங்க. இந்தச் சின்ன எழுத்து."

பையன் டின்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலோரம் பார்த்தான். பெரியவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையத் தொடங்கியது. அப்பன் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றான்.

"பாப்பாவுக்கு ரொம்ப நல்லது" என்றான் பையன்.

அப்படி எதுவும் அங்கே எழுதியிருக்கவில்லை. கொதித்து ஆறிய நீரில் கலக்கவும் என்றுதான் இருந்தது.

பையனுக்கு எட்டு வயது. நாலு வருஷமாக அக்கா வாசிக்க, அரை நொடி பின்னால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். எழுதச் சொன்னால் பார்த்துப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி அழகாக எழுதிவிடுவான். கேள்வி கேட்டால் வாயால் பதில். அம்மாவின் கையில் எப்போதும் ஒரு பிள்ளை இருந்தது, அடுப்பில் ஒரு பாத்திரம் இருந்தது. இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டால் இரண்டு பேரும் வாசிக்கிறார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஒருத்திக்கு மருந்தாக வைத்தது இன்னொருத்தனுக்குப் போர்வையாகிவிட்டது.

பெரியவளை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கக் கூட்டிப்போனான்.

"உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

கொடியிலிருந்து குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கடைசியில், "அ... அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா" என்றாள்.

"சொல்லாம எப்படி?"

"அவனுக்குப் ப... படிக்க வரலைன்னா ஆபீஸ்காரங்க ஸ்கூல்ல போடச் சொல்வாங்க. எ... எ..." நிறுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கையிலிருந்த துணியைப் பிழிந்தாள், காய்ந்த துணியை. "என்னையும் அனுப்பிடுவாங்க."

"சரி, சொல்லல" என்றான்.

அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் பிசகு.

அதிகாரி வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தானே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. ரொட்டி வெட்டும் மெஷினை அவன் யாரும் சொல்லித்தராமல் கற்றவன். எழுத்து என்ன பெரிய மெஷினா? முதல் வாரம் பொறுமையாக இருந்தான். பையன் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வான். அவற்றை ஒட்டு என்றால் ஒட்டாது. ம, ர, ம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "நாற்காலி" என்பான். இரண்டாவது வாரம் அப்பனுக்கு மேஜையிலேயே தூக்கம் வந்தது. பையன் அந்த நேரத்தில் களிமண்ணில் யானை செய்தான். மூன்றாவது வாரம் அப்பனுக்குக் கோபம் வந்தது. மேஜையில் ஓங்கி அறைந்ததில் டம்ளர் கவிழ்ந்தது, புதுசு அலறியது.

"என்னாச்சுங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கணக்கும்மா. இவனுக்குக் கணக்குதான் கொஞ்சம் உதைக்குது."

"அவனுக்கா? அவன் கணக்குல புலியாச்சே. நீங்க தூங்காம உக்காந்து புள்ளைய மிரட்டாதீங்க."

பையன் அப்பனைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்பாவும் பொய் சொல்கிறார், நானும் சொல்கிறேன், நாம் ஒரு கட்சி என்கிற மாதிரி. ரொட்டிக்காரனுக்கு அந்தக் கண்ணடிப்பு பிடிக்கவில்லை.

அவன் வேலை பார்க்கும் இடத்தில் அடுப்புக்காரர் ஒருவர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர். அறிவிப்புப் பலகையில் எது ஒட்டினாலும், "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேம்ப்பா, கொஞ்சம் படிச்சு சொல்லு" என்பார். அவர் கண்ணாடி போட்டு ஒருத்தரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் அவருக்குப் படித்துச் சொல்வார்கள். போனஸ் இரட்டிப்பு என்று ஒருமுறை பொய்யாகப் படித்துக்காட்டி, அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொட்டிக்காரனும் அந்த டீயைக் குடித்திருக்கிறான்.

இதற்கிடையில் பெரியவள் தன் பங்குக்கு வேலை செய்தாள். அதிகாரி எப்போதும் புத்தகத்தின் நடுவில் எங்கேயாவது பிரிப்பார் என்று அவளுக்குத் தெரியும். நடுப் பாடங்கள் அத்தனையையும் தம்பிக்கு உருப்போட வைத்தாள். எந்தப் படத்துக்கு எந்தப் பாடம், படத்துக்குக் கீழே எந்த வரி. குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து முணுமுணுப்பது அப்பனுக்குக் கேட்டது. சேர்ந்து சொல்லும்போது அவளுக்குத் திக்கவில்லை. கதவைத் தட்டப் போனவன் தட்டாமல் திரும்பினான்.

தாய்க்கு உடம்பு தேறிவந்தது. அதிகாரி வருகிற நாளில் எழுந்து தலைவாரிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். புது அட்டவணையை நாலு கலரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். புதுசு தூங்குகிற நேரம், அப்பா தூங்குகிற நேரம், எல்லாம் அதில் தனித்தனி நிறம்.

அதிகாரி அம்மா நனைந்த குடையோடு வந்தார். நல்ல மனுஷி. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை மடியிலேயே வைத்திருந்தார். அட்டவணையைப் பார்த்து, "நாலு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இவ்வளவு ஒழுங்கா? எங்க ஆபீஸ்ல இதுல கால்வாசி இருந்தா போதும்" என்றார். தாயின் முகம் ரத்தம் ஏறிப் பளிச்சென்றது. பிள்ளை பெற்றதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து ரொட்டிக்காரன் பார்க்கவில்லை.

முதலில் பெரியவளும் தம்பியும் சேர்ந்து வாசித்தார்கள். அந்த அறையே ஒரே குரலானது. "எவ்வளவு அழகு" என்றார் அதிகாரி. அப்புறம் புத்தகத்தை வாங்கி நடுவில் பிரித்து, "இப்ப தம்பி மட்டும்" என்றார்.

கலங்கரை விளக்கப் படம். பையன் மடமடவென்று கலங்கரை விளக்கத்தைச் சொல்லி முடித்தான். அதிகாரி ஏதோ நினைப்பில் பத்துப் பக்கம் தள்ளிப் புரட்டினார். அங்கே படம் இல்லை. முழுக்க எழுத்து. பெரியவளின் விரல்கள் நாற்காலி விளிம்பை இறுக்கின.

பையன் அசரவில்லை. தலையைச் சாய்த்து, அழகாகச் சிரித்து, "ஆன்ட்டி, நீங்க முதல் வரி படிங்களேன். நீங்க படிச்சா நல்லாயிருக்கும். அடுத்தது நான் சொல்றேன்" என்றான்.

அதிகாரி குலுங்கிச் சிரித்தார். "வாயப் பாரு! கலெக்டரே ஆகிடுவான் போல." அவர் முதல் வரியை வாசித்தார். பையன் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஒப்பித்தான். அவர் பேனாவைத் திறந்தார்.

ரொட்டிக்காரன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் நிற்கிறவன். பையனின் சாய்ந்த தலையில் அவனுக்கு அடுப்புக்காரர் தெரிந்தார். எட்டு வயதில், மாவு இல்லாத முகத்தோடு. இவனும் ஐம்பது வயது வரை இதே சிரிப்பைச் சிரித்துச் சிரித்து எவனிடமாவது படித்துக் கேட்பான். எவனாவது பொய்யாகப் படித்துக்காட்டிவிட்டு இவன் வாங்கித்தருகிற டீயைக் குடிப்பான்.

அடுப்பு மேடைக்குப் போனான். பால் டின்னை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தான்.

"மேடம், இதையும் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க."

"எதுக்குங்க இப்ப அது?" என்று அவன் பெண்டாட்டி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பையனின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

பையன் டின்னைப் பார்த்தான், அப்பனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. அப்பனையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை ரொட்டிக்காரன் யாரிடமும் வாங்கியதில்லை, முதலாளியிடம்கூட.

"பாப்பாவுக்கு ரொம்ப நல்லது" என்றான் பையன், மெதுவாக.

அதிகாரி பேனாவை மூடினார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் மரியாதையாகவே நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. பையன் தினமும் காலையில் பக்கத்துத் தெருப் பள்ளியில் நடக்கிற வாசிப்பு வகுப்புக்குப் போக வேண்டும். மற்றவர்கள் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் பெரியவள் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும், அடுத்தமுறை அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதியைப் பற்றிச் சொல்ல முடியும். "அது எப்படிங்க..." என்று தாய் ஆரம்பித்து, முடிக்கவில்லை. அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

தாய் அந்த ஈரத்தைத் துடைத்தாள். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளா!"

"உன் உடம்பு இருக்கற நிலையில..."

"என் உடம்புக்கு என்ன? வயித்துலதானே வெட்டினாங்க, தலையில வெட்டலையே. என்கிட்ட சொல்லியிருந்தா எப்படியாவது சொல்லிக்குடுத்திருப்பேனா இல்லையா? நாலு வருஷமா பாடம் நடத்தினது நானு. கோட்டை விட்டது நான்தான், ஒத்துக்கறேன். அதை எனக்கு முன்னாடி ஆபீஸ்காரிக்குச் சொல்றீங்களே, நான் யாருங்க இந்த வீட்டுல?"

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லலாம். சொல்ல நா கூசியது. நல்லதைச் செய்ய அவனுக்கு ஒரு மாதம் இருந்தது. அவளிடம் வாயைத் திறக்கப் பயந்து, கடைசியில் ஒரு அந்நியரை வைத்துச் சொல்ல வைத்தான். விஷயம் அவ்வளவுதான்.

"அவ கெஞ்சினா" என்றான், பெரியவளைக் காட்டி.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தாய் மகள் பக்கம் திரும்பினாள். மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்தே வரவில்லை. திறந்த வாயோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

சுவரில் மறுபடியும் புது அட்டவணை. இதில் கலர் இல்லை. காலையில் பையனை வகுப்பில் விடுவது ரொட்டிக்காரன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, மாவுத் தலையோடு கூட்டிப்போனான். முதல் இரண்டு நாள் பையன் தெரு முழுக்க அழுதான். தையல்கார அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் மூடிக்கொண்டாள். அதுவே ரொட்டிக்காரனுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக, சாத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு குரல்கள் நதிகளையும் ராஜாக்களையும் சொல்லிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலில்தான் அவன் தூங்கிப் பழகியிருந்தான். இப்போது வீடு கப்சிப். பெரியவள் வாய்க்குள்ளேயே வாசித்தாள். அம்மா கூட உட்கார்ந்து, "வா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்" என்றால் தலையை ஆட்டி மறுத்தாள். அப்பனிடம் பேசுவதை அடியோடு நிறுத்தியிருந்தாள். திக்கி ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும் என்று இருந்தது அவனுக்கு.

அப்படித் தூக்கம் வராத ஒரு மதியம் எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். மேஜையில் ஒரு பக்கம் பெரியவள், புத்தகத்தோடு. எதிரே பையன், பால் டின்னோடு. வகுப்பில் வீட்டுச் சாமான் எதையாவது வாசித்துப் பழகச் சொல்லியிருந்தார்களாம். வேறு எத்தனையோ டப்பா இருக்க, அவன் அதைத்தான் எடுத்திருந்தான். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். பழக்க தோஷத்தில் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

அவள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"கொ" என்றாள். "கொ... கொ..." கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை அங்கேயே நின்றது. அவளோடு சேர்ந்து சொல்ல யாரும் இல்லை.

பையன் காத்திருந்தான். பிறகு டின்னைக் குனிந்து பார்த்தான். விரலை நகர்த்தினான்.

"கொ-தித்-து" என்றான்.

அதற்கடுத்த வார்த்தையில் மாட்டிக்கொண்டான். ஆனாலும் நிமிரவில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு அதையே முறைத்தான்.

பெரியவளின் வாய் இன்னும் திறந்திருந்தது. அதை மூடினாள். வாசல்படியில் அப்பன் நிற்பது அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை. கையை நீட்டி, தம்பியின் விரலுக்கடியிலிருந்து டின்னை மெல்ல இழுத்து, பின்பக்கமாகத் திருப்பி, இன்னும் பொடி எழுத்து இருந்த பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள். பிறகு தன் புத்தகத்தை எடுத்து வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினாள்.

ரொட்டிக்காரன் தண்ணீர் குடிக்காமலே போய்ப் படுத்தான். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் மட்டும் எழுத்தெழுத்தாகத் தடுக்கி விழுந்து எழுந்து போனது. இன்னொரு குரலுக்காக அவன் வெகுநேரம் காத்திருந்தான். வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.